விபிஎன் போட்டும் தளம் சென்னை நேரத்தையே காட்டுகிறது: பிரவுசரின் டைம்ஸோனை மாற்றுவது பற்றி

கேள்வி, பிப்ரவரி 18, 2025

"விபிஎன் (இணையப் போக்குவரத்தை வேறு ஊர் சர்வர் வழியாகத் திருப்பும் வசதி) போட்டு நியூஜெர்சி சர்வரைத் தேர்ந்தெடுத்தேன். ஐபி முகவரி அமெரிக்கா என்றுதான் காட்டுகிறது. ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் நேரம் மட்டும் சென்னை நேரம். விபிஎன் ஒழுங்காக வேலை செய்தால் டைம்ஸோனும் சேர்ந்து மாற வேண்டாமா? வேறு வழி தெரியாமல் லேப்டாப் கடிகாரத்தைப் பத்தரை மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தேன். இப்போது பாஸ்வேர்ட் மேனேஜர் தரும் ஆறு இலக்க எண்ணை எந்தத் தளமும் ஏற்கவில்லை. ஒரு தளம் சான்றிதழ் சரியில்லை என்று திறக்கவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?"

பிப்ரவரி 18, இரவு

முதல் வேலையாகக் கடிகாரத்தைப் பழையபடி வையுங்கள். நேரத்தைத் தானாக அமைக்கும் ஸ்விட்சை ஆன் செய்தாலே போதும். மற்றதைப் பிறகு பேசலாம்.

கடிகாரம் வேறு, டைம்ஸோன் வேறு. கம்ப்யூட்டர் உள்ளே வைத்திருப்பது ஒரே ஒரு கணக்கு: 1970 ஜனவரி 1, யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவு தொடங்கி இதுவரை எவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது என்பது. இணையப் பக்கங்களில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழி அதை மில்லிசெகண்டில் எண்ணும். அந்த எண் சென்னையிலும் நியூஜெர்சியிலும் இந்த நொடியில் ஒன்றேதான். அதை மணி, தேதி என்று நமக்குக் காட்டும் கட்டத்தில்தான் டைம்ஸோன் உள்ளே வருகிறது.

கடிகாரத்தைத் தள்ளி வைத்தபோது அந்த அடிப்படை எண்ணே மாறிவிட்டது. ஆறு இலக்க எண் அதை 30 விநாடித் துண்டுகளாக்கித்தான் கணக்கிடப்படுகிறது. பத்தரை மணி நேரம் தப்பிய கடிகாரம் தரும் எண்ணைச் சர்வர் எப்படி ஏற்கும்? சான்றிதழ் கதையும் அதுதான். ஒவ்வொரு சான்றிதழிலும் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை செல்லும் என்று எழுதியிருக்கும். அந்தத் தளம் சில மணி நேரம் முன்புதான் புதுச் சான்றிதழ் போட்டிருக்க வேண்டும். உங்கள் லேப்டாப் கணக்கில் அது இன்னும் பிறக்கவே இல்லை.

இவ்வளவு தொல்லைப்பட்டும் பலனில்லை என்பதையும் கவனியுங்கள். பிரவுசரைக் கேட்டால் இன்னும் "இந்திய நேரம்" என்றுதான் சொல்லும். சர்வர் அனுப்பும் பழைய மெயில், செய்தி நேரங்கள் எல்லாம் இந்திய நேரத்தில்தான் தெரியும்.

பிப்ரவரி 19

விபிஎன் ஏன் இதை மாற்றாது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். விபிஎன் கையில் இருப்பது உங்கள் டேட்டா போகும் பாதை மட்டும். பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது அனுப்பும் ஹெடர்களில் (கூடவே போகும் குறிப்பு வரிகளில்) டைம்ஸோன் என்று எதுவும் கிடையாது. மொழி போகும், பிரவுசரின் பெயர் போகும், டைம்ஸோன் போகாது. பக்கம் வந்து இறங்கிய பிறகு அதிலுள்ள ஸ்கிரிப்ட் உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓடி, பிரவுசரிடம் நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்கிறது.

கேட்கும் வழி இரண்டு. ஒன்று, ஜாவாஸ்கிரிப்டில் நேரத்தைக் கையாளும் டேட் பொருளில் இருக்கும் கெட்டைம்ஸோன்ஆஃப்செட். இந்தியாவிலிருந்து கேட்டால் -330 என்று வரும். நாம் யூடிசிக்கு 330 நிமிடம் முன்னால் இருக்கிறோம், ஆனால் குறி மைனஸ். யூடிசியிலிருந்து உள்ளூர் நேரத்தைக் கழித்துச் சொல்வதால் அப்படி. நியூயார்க்குக்கு இப்போது 300, கோடை நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளும் மார்ச் 9க்குப் பிறகு 240. இரண்டாவது, மொழி, ஊர் வழக்கங்களைக் கவனிக்கும் இன்டல் என்ற பகுதி வழியாகக் கேட்பது. அது எண்ணாகச் சொல்லாமல் ஏசியா/கொல்கத்தா, அமெரிக்கா/நியூ_யார்க் என்று பெயராகச் சொல்லும்.

உலகத்தில் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பவை இந்தியாவும் இலங்கையும்தான். அந்த -330 ஒன்றே போதும், நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்று தளத்துக்குத் தெரிந்துவிடும். ஐபி நியூஜெர்சி, டைம்ஸோன் இந்தியா. இந்த முரணைப் பார்ப்பதற்கென்றே சில தளங்கள் ஸ்கிரிப்ட் வைத்திருக்கின்றன.

சோதனைக் கோட் எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை: குரோம் இன்றும் பழைய ஏசியா/கல்கத்தா என்ற பெயரைத்தான் திருப்பித் தருகிறது. ஃபயர்ஃபாக்ஸ் ஏசியா/கொல்கத்தா என்கிறது. இரண்டும் ஒரே மண்டலம். பெயரை அப்படியே ஒப்பிட்டுப் பார்க்கும் கோட் ஒரு பிரவுசரில் ஓடி இன்னொன்றில் விழும்.

பிப்ரவரி 19, மாலை

"இதற்கு அனுமதி கேட்காதா?" கேட்காது. இருப்பிடத்துக்கு, கேமராவுக்கு, மைக்குக்கு எல்லாம் பெட்டி திறந்து கேட்கும். டைம்ஸோனுக்கு எந்தப் பிரவுசரும் கேட்பதில்லை.

பிப்ரவரி 21

இப்போது மாற்றும் வழிக்கு வருகிறேன். நான் வெப் டெஸ்டிங் வேலையில் இருப்பவள். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் அமெரிக்கர்கள், உட்கார்ந்திருப்பது சோழிங்கநல்லூரில். அதனால் இது எனக்கு அன்றாட வேலை.

குரோமில் எதையும் நிறுவாமல் முடியும். எஃப்12 அழுத்தி டெவலப்பர் டூல்ஸைத் திறக்கவும். அதன் வலது மேல் மூலையில் இருக்கும் மூன்று புள்ளியில் மோர் டூல்ஸ், அதற்குள் சென்ஸார்ஸ். கீழே ஒரு தட்டு திறக்கும். லொக்கேஷன் என்ற இடத்தில் பெர்லின், லண்டன், மும்பை, டோக்கியோ என்று ஆயத்தப் பட்டியல் இருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பக்கத்தை ரீலோட் செய்தால் மாறியிருக்கும். எட்ஜிலும் இதே ஏற்பாடு உண்டு.

இதில் புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஒரு இடத்தில் குழம்புவார்கள். பெர்லினைத் தேர்ந்தெடுத்தால் டைம்ஸோன் மட்டும் மாறாது. அட்ச தீர்க்க ரேகையும் மாறும், மொழி அமைப்பும் ஜெர்மனுக்குப் போய்விடும். தேதி 21.2.2025 என்று புள்ளி வைத்து வர ஆரம்பிக்கும், ஆயிரத்துக்கான கமா இருந்த இடத்தில் புள்ளி நிற்கும். "டைம்ஸோன் மாற்றினால் விலை தப்பாகத் தெரிகிறது" என்று ஒரு பக் (கோடில் உள்ள பிழை) ரிப்போர்ட் வந்து, அதைத் தேடி எங்கள் குழுவில் ஒரு பிற்பகல் முழுக்கப் போனது. மாற்றியது டைம்ஸோன் அல்ல, மொழி அமைப்பு.

அதனால் ஆயத்தப் பட்டியலை விட்டுவிட்டு, பக்கத்திலிருக்கும் மேனேஜ் பட்டனை அழுத்தி உங்களுக்கென்று ஓர் இடத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர், ரேகைகள், டைம்ஸோன், மொழி என்று தனித்தனிப் பெட்டிகள் வரும். டைம்ஸோன் பெட்டியில் அமெரிக்கா/நியூ_யார்க், மொழிப் பெட்டியில் நீங்கள் வழக்கமாக வைத்திருப்பதையே போடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது எதனால் வந்தது என்று தெரியும்.

இது டெவலப்பர் டூல்ஸ் திறந்திருக்கும் வரைதான். ஒரே தளத்தை இரண்டு டேபில் திறந்து இரண்டு ஊர் நேரம் வைக்கப் பார்த்தால், "டைம்ஸோன் ஏற்கெனவே மாற்றப்பட்டிருக்கிறது" என்ற பொருளில் ஒரு பிழைச் செய்தி வரக்கூடும். இரண்டு டேபும் ஒரே பிராசஸில் ஓடுவதுதான் காரணம். தனிப் புரொஃபைலில் திறந்தால் சரியாகிவிடும்.

பிப்ரவரி 22

விண்டோஸ் முழுவதையுமே மாற்றலாமா என்று கேள்வி எழுப்பியவர் கேட்கிறார். மாற்றலாம். செட்டிங்ஸில் நேரம், மொழி பகுதிக்குப் போய் டைம்ஸோனைக் கிழக்கு அமெரிக்கா என்று வையுங்கள். கடிகாரத்தைத் தொட வேண்டாம். அது தானாகப் பத்தரை மணி நேரம் பின்னால் காட்டும், உள்ளே இருக்கும் எண் அப்படியே இருக்கும். ஆறு இலக்க எண்ணும் வேலை செய்யும், சான்றிதழும் வேலை செய்யும். ஆனால் அவுட்லுக்கிலிருந்து ஃபைல் தேதி வரை எல்லாமே நியூயார்க் நேரத்தில் தெரியும். நாளைக் காலை மீட்டிங்கைத் தவறவிடும் ஆபத்து இருக்கிறது.

லினக்ஸில் இதைவிட நல்ல வழி உண்டு. டெர்மினலில் டிஇசட் என்ற மாறிக்கு மண்டலத்தின் பெயரைக் கொடுத்து, அதே வரியில் பிரவுசரைத் தொடங்கினால் அந்தப் பிராசஸுக்கு மட்டும் டைம்ஸோன் மாறும். ஃபயர்ஃபாக்ஸ், குரோம் இரண்டும் இதை மதிக்கும். ஒரு நிபந்தனை: அதே பிரவுசர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் புது விண்டோ பழைய பிராசஸுக்குள்ளேயே திறந்துகொள்ளும், மாற்றம் எதுவும் தெரியாது. புதுப் புரொஃபைல் கொடுத்துத் திறக்க வேண்டும்.

டிஇசட் மாறியில் யூடிசி+5:30 என்று எழுதிவிட்டு "நேரம் தலைகீழாகப் போகிறது" என்று புலம்புபவர்களைப் பல இடங்களில் பார்க்கிறேன். லினக்ஸ் பின்பற்றும் போஸிக்ஸ் தரமுறையில் பிளஸ் என்றால் கிரீன்விச்சுக்கு மேற்கே என்று அர்த்தம். யூடிசி+5:30 என்று எழுதினால் ஐந்தரை மணி நேரம் பின்னால் போகும். ஈடிசி/ஜிஎம்டி+5 என்ற பெயரும் அப்படியே, யூடிசிக்கு ஐந்து மணி நேரம் பின்னால். எண் எழுதாதீர்கள், ஊர்ப் பெயர் எழுதுங்கள். ஊர்ப் பெயருக்குள் கோடை நேர விதிகளும் சேர்ந்தே இருக்கின்றன, எண்ணுக்குள் அது கிடையாது.

பிப்ரவரி 25

எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்) பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரு கிளிக்கில் மாறும், வசதிதான். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு போடுங்கள்.

பல எக்ஸ்டென்ஷன்கள் செய்வது இதுதான்: பக்கம் திறந்ததும் தன் ஸ்கிரிப்டை உள்ளே நுழைத்து, கெட்டைம்ஸோன்ஆஃப்செட்டையும் இன்டலையும் தன் சொந்த ஃபங்ஷனால் மூடிவிடுவது. பிரவுசர் மாறவில்லை, பக்கத்தின் மேல்பூச்சு மட்டும் மாறியிருக்கிறது. பூச்சு எட்டாத இடங்கள் நிறைய.

முதலாவது வொர்க்கர். பக்கம் தன் பின்னணி வேலைக்குத் தனி இழையில் ஓட்டும் ஸ்கிரிப்ட் அது. பக்கத்துக்குள் நுழைந்த எக்ஸ்டென்ஷன் ஸ்கிரிப்ட் அங்கே போவதில்லை. ஒரு பிரபல எக்ஸ்டென்ஷனைப் போட்டு நியூயார்க் வைத்துச் சோதித்தேன். டெவலப்பர் டூல்ஸில் கோட் எழுதி ஓட்டும் கன்ஸோலில் பக்கத்தைக் கேட்டால் 300. நாலு வரியில் ஒரு வொர்க்கர் எழுதி அதே கேள்வியைக் கேட்டால் -330. ஒரே பக்கம், அடுத்தடுத்த வரி, இரண்டு ஊர்.

இரண்டாவது, மூடிய ஃபங்ஷனே தன்னைக் காட்டிக்கொடுக்கும். பிரவுசரின் சொந்த ஃபங்ஷனை டூஸ்ட்ரிங் போட்டால் "நேட்டிவ் கோட்" என்று வரும். மாற்றி வைத்ததில் எக்ஸ்டென்ஷன்காரர் எழுதிய கோட் அப்படியே வந்து நிற்கும். கெட்டிக்காரர்கள் அதையும் மூடுகிறார்கள், ஆனால் மூட மூட வேறொரு இடுக்கு திறக்கிறது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஜனவரித் தேதிக்கும் ஜூலைத் தேதிக்கும் ஆஃப்செட் கேளுங்கள். உண்மையான நியூயார்க் என்றால் 300, 240. வெறும் எண்ணை ஒட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் இரண்டுக்கும் 300 என்று சொல்லும். இன்னும் பின்னால் போய் 1943 ஜனவரி 1க்குக் கேளுங்கள். கொல்கத்தா மண்டலம் உண்மை என்றால் -390 வர வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கப்பட்டிருந்தன. மண்டலத் தரவுத்தளம் அதை நினைவில் வைத்திருக்கிறது.

டெஸ்டிங்குக்கு எக்ஸ்டென்ஷன் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வொர்க்கரில் ஓடும் கோட் ஒரு நேரமும் பக்கத்தில் ஓடும் கோட் ஒரு நேரமும் காட்டினால், உண்மையில் இல்லாத பக்கைத் துரத்திக்கொண்டிருப்போம்.

பிப்ரவரி 26

1943 கணக்கு பலரை இழுத்துவிட்டது. இன்னும் பின்னால் போய்ப் பாருங்கள். குரோமில் கொல்கத்தா மண்டலத்தில் 1900 ஜனவரி 1ஐக் கேட்டால் ஜிஎம்டி+0521 என்று அச்சிடும். அது மெட்ராஸ் நேரம்: யூடிசிக்கு 5 மணி 21 நிமிடம் 10 விநாடி முன்னால். நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த வானாய்வுக் கூடத்தின் தீர்க்க ரேகையை வைத்துக் கணித்த நேரம். ரயில்கள் அந்த நேரத்தில்தான் ஓடின. 1906 ஜனவரி 1இல்தான் இன்றைய ஐந்தரை மணி நேரம் வந்தது. நேற்று வெளியான பிரவுசருக்குள் நுங்கம்பாக்கத்துக் கடிகாரம் ஓடிக்கொண்டிருப்பதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது.

இலங்கை நண்பர் ஒருவர், "கொழும்பும் கொல்கத்தாவும் ஒரே நேரம்தானே, எதைப் போட்டால் என்ன?" என்கிறார். இன்றைய தேதிக்கு ஒன்றே. ஆனால் இலங்கை 1996 மே 25இல் ஆறரை மணி நேரத்துக்கும், அதே ஆண்டு அக்டோபர் 26இல் ஆறு மணி நேரத்துக்கும் போய், 2006 ஏப்ரல் 15இல்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. அந்தப் பத்தாண்டில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே தொடர்ந்தது. 2001இல் கொழும்பில் பதிவான ஒரு நேரத்தைக் கொல்கத்தா மண்டலத்தில் பார்த்தால் அரை மணி நேரம் குறைவாகக் காட்டும். பழைய பதிவுகளோடு வேலை செய்பவர் என்றால் ஏசியா/கொழும்பு என்றே வையுங்கள்.

சிங்கப்பூரிலும் இதே கதை. 1981 முடியும் வரை அங்கே ஏழரை மணி நேரம். 1982 பிறந்தபோது எட்டானது.

மார்ச் 9

இன்று அமெரிக்காவில் கோடை நேரம் தொடங்குகிறது. 2007 முதல் மார்ச் மாத இரண்டாம் ஞாயிறு, அதிகாலை இரண்டு மணி ஆனதும் மூன்று ஆகிவிடும். இரண்டரை மணி என்ற ஒன்று இன்று நியூயார்க்கில் இல்லை.

செய்து பாருங்கள். டைம்ஸோனை நியூயார்க்குக்கு மாற்றி, கன்ஸோலில் 2025 மார்ச் 9, 2:30 என்று ஒரு டேட் உருவாக்குங்கள். மாதம் பூஜ்யத்திலிருந்து எண்ணப்படும், மார்ச் என்றால் 2. பிழை எதுவும் வராது. சத்தமில்லாமல் 3:30 ஆக்கித் திருப்பித் தரும். டைம்ஸோனைக் கொல்கத்தாவிலேயே வைத்து எத்தனை முறை ஓட்டினாலும் இதைப் பார்க்க முடியாது, நமக்கு 2:30 என்பது எப்போதும் 2:30தான். நம் ஊரில் கோடை நேரம் இல்லாததால் நாம் எழுதும் கோடில் இந்த வகைப் பக் தெரியாமல் தங்கிவிடுகிறது.

இன்று முதல் கேள்விக்காரரின் பத்தரை மணி நேரம் ஒன்பதரையாகிறது. கடிகாரத்தைக் கையால் தள்ளி வைத்திருந்தால் இன்று மறுபடி தள்ள வேண்டியிருக்கும்.

மார்ச் 11

பிறந்த தேதி ஒரு நாள் குறைகிறது என்று ஒருவர் படம் போட்டிருக்கிறார். இதைப் பற்றி நான் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு அமெரிக்கப் பல் மருத்துவமனைக்கான அப்பாயின்ட்மென்ட் தளத்தில் இதை நான் முழுசாகப் பார்த்திருக்கிறேன்.

படிவத்தில் காலண்டரைத் திறந்து 1987 ஜூன் 15 என்று தேர்ந்தெடுக்கிறார்கள். காலண்டர் அதை அந்த ஊர் நள்ளிரவு என்று வைத்துக்கொள்கிறது. சேமிக்கும் முன் கோட் அதை யூடிசி எழுத்தாக மாற்றுகிறது. இந்தியாவில் ஜூன் 15 நள்ளிரவு என்பது யூடிசியில் ஜூன் 14, 18:30. சர்வர் அந்த எழுத்தில் முதல் பத்து எழுத்தை மட்டும் வெட்டித் தேதியாக வைத்துக்கொள்கிறது: 1987-06-14. ஒரு நாள் போச்சு. நியூயார்க்கில் அதே நள்ளிரவு யூடிசியில் அதே ஜூன் 15, காலை 4 மணி. வெட்டினாலும் சரியான தேதி. அமெரிக்க டெவலப்பர் கண்ணில் இந்தப் பக் வாழ்நாளுக்கும் படாது. நாங்கள் சொன்னபோது, "எங்களுக்கு வரவில்லையே" என்று டிக்கெட்டை மூடிவிட்டார்கள்.

இதற்கு நேர் எதிரான பக்கும் அதே தளத்தில் இருந்தது. சேமித்த 1987-06-15 என்ற எழுத்தை வேறொரு பக்கம் அப்படியே டேட்டுக்குக் கொடுத்தது. மணி இல்லாத, தேதி மட்டும் உள்ள எழுத்தை ஜாவாஸ்கிரிப்ட் யூடிசி நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். இந்தியாவில் அது ஜூன் 15 காலை ஐந்தரை, தேதி சரி. நியூயார்க்கில் ஜூன் 14 இரவு எட்டு மணி, தேதி தப்பு. இந்தப் பக் எங்களுக்குத் தெரியாது, அவர்களுக்கு மட்டும் தெரியும். ஆளுக்கொரு பக்கைப் பார்த்துக்கொண்டு, அடுத்தவர் சொல்வது பொய் என்று இரண்டு குழுவும் மெயிலில் மோதிக்கொண்டிருந்தோம்.

சென்ஸார்ஸ் தட்டைத் திறந்து, ஒரே படிவத்தைக் கிரீன்விச்சுக்குக் கிழக்கே ஒரு முறை, மேற்கே ஒரு முறை ஓட்டி, இரண்டையும் ஒரே வீடியோவாக எடுத்து அனுப்பிய பிறகுதான் சண்டை ஓய்ந்தது. டைம்ஸோன் மாற்றத் தெரிந்திருப்பது ஒளிந்துகொள்ளும் வித்தை என்றே பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது அடுத்தவர் திரையில் என்ன தெரிகிறது என்று பார்க்கும் வழி. பிறந்த தேதி, பாஸ்போர்ட் முடிவுத் தேதி போன்றவற்றுக்கு மணியும் கிடையாது, மண்டலமும் கிடையாது. அவற்றை டேட்டாக மாற்றாமல் வெறும் எழுத்தாகவே கொண்டுபோங்கள்.

ஏப்ரல் 6

சரி, ஒளிந்துகொள்ள விரும்புபவர்களுக்கு. பிப்ரவரியில் ஐபிக்கும் டைம்ஸோனுக்கும் முரண் இருந்தால் தெரிந்துவிடும் என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, விபிஎன் ஊருக்குத் தக்க டைம்ஸோனை எக்ஸ்டென்ஷனில் வைத்துக்கொண்டதாகச் சிலர் சொல்கிறீர்கள். அந்த வழி எனக்குத் திருப்தி தரவில்லை. பக்கம் 300, வொர்க்கர் -330 என்று சொல்லும் பிரவுசர், ஒன்றும் மாற்றாத பிரவுசரைவிடத் தனியாகத் தெரியும். திருவிழாக் கூட்டத்தில் முகமூடி போட்டு நடப்பவர் மேல்தானே எல்லார் கண்ணும்?

கூட்டத்தோடு கலப்பதுதான் சரி. அடையாளத்தை மறைப்பதற்கென்றே உள்ள டோர் பிரவுசர் அதைத்தான் செய்கிறது: உலகத்தில் யார் திறந்தாலும் யூடிசி. ஃபயர்ஃபாக்ஸில் அபவுட்:கான்ஃபிக் போய் பிரைவசி.ரெசிஸ்ட்ஃபிங்கர்பிரின்டிங் என்பதை ட்ரூ ஆக்கினால் இதே பாதுகாப்பு வரும். எஞ்சினிலேயே மாறுவதால் வொர்க்கரும் அதையே சொல்லும். சமீபப் பதிப்புகளில் பெயர் கேட்டால் அட்லாண்டிக்/ரெய்க்யவிக் என்று சொல்கிறது. ஐஸ்லாந்து 1968 முதல் வருஷம் முழுக்க யூடிசியிலேயே இருக்கிற நாடு, கோடை நேரமும் இல்லை.

அதற்கு விலை உண்டு. விண்டோ அளவு, கேன்வாஸ் (பக்கத்தில் படம் வரையும் பகுதி) என்று இன்னும் பலவற்றையும் அது மாற்றிவிடும். வெப் காலண்டரில் எல்லா மீட்டிங்கும் ஐந்தரை மணி நேரம் முந்திக் காட்டும். டைம்ஸோன் மட்டும் போதும் என்பவர்கள் ஃபிங்கர்பிரின்டிங்புரொடெக்ஷன் அமைப்பை ஆன் செய்து, அதன் ஓவர்ரைட்ஸ் வரியில் பிளஸ் குறியோடு ஜேஎஸ்டேட்டைம்யூடிசி என்பதை மட்டும் சேர்க்கலாம். இதற்கென்று தனிப் புரொஃபைல் வைத்துக்கொள்ளுங்கள்.

டைம்ஸோன் ஒன்றால் எவ்வளவு தெரியும் என்பதற்கும் அளவு இருக்கிறது. 2010இல் எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் வெளியிட்ட பிரவுசர் கைரேகை ஆய்வில் டைம்ஸோனுக்குக் கிடைத்தது 3.04 பிட் (பிட் கூடக் கூட ஆளை அடையாளம் காண்பது எளிது). பிளக்இன் பட்டியலுக்கு 15.4, எழுத்துருக்களுக்கு 13.9. தனியாகப் பார்த்தால் சின்னத் துப்பு, மற்றவற்றோடு சேர்ந்தால்தான் ஆளைப் பிடிக்கும்.

ஏப்ரல் 7

பிரவுசரை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம். மெயில் ஆப்கள் பல, தேதி ஹெடரில் +0530 என்று சேர்த்தே அனுப்புகின்றன. கோட் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் என்ற கருவியின் கமிட்டிலும் (ஒவ்வொரு பதிவிலும்) அதே. 2024இல் எக்ஸ்இசட் என்ற லினக்ஸ் சுருக்க மென்பொருளில் ஒளித்து வைத்த பின்கதவு வெளியே வந்தபோது ஆய்வாளர்கள் முதலில் தோண்டியவற்றில் இதுவும் ஒன்று: பெரும்பாலான கமிட்டுகளில் +0800, இடையிடையே சிலவற்றில் மட்டும் +0200, +0300.

ஜூன் 3

ஃபயர்ஃபாக்ஸ் 139இல் டெம்பரல் வந்துவிட்டது. டேட்டுக்குப் பதிலாக வரும் புது ஏற்பாடு. மணியில்லாத தேதிக்குத் தனி வகை, மண்டலத்தோடு கூடிய நேரத்துக்குத் தனி வகை. மார்ச்சில் சொன்ன பிறந்த தேதிப் பக்குக்கு இதுதான் நிரந்தர மருந்து. பிளெய்ன்டேட்டுக்கு டைம்ஸோன் என்று ஒன்றே கிடையாது, குறையவும் வழியில்லை.

எக்ஸ்டென்ஷன் வைத்திருப்பவர்கள் கவனிக்க: டெம்பரலும் இப்போதைய டைம்ஸோனின் பெயரைச் சொல்லும். டேட்டையும் இன்டலையும் மட்டும் மூடத் தெரிந்த பழைய எக்ஸ்டென்ஷனுக்கு இப்படியொரு வாசல் இருப்பதே தெரியாது.

ஜூலை 15

தானியங்கிச் சோதனையில் எப்படி என்று கேட்டவருக்கு. பிளேரைட், பப்பெட்டியர் இரண்டும் பிரவுசரைத் தானாக ஓட்டும் கருவிகள். பிளேரைட்டில் கான்டெக்ஸ்ட் (தனிப் பிரவுசர் அமர்வு) உருவாக்கும்போது டைம்ஸோன்ஐடி என்று ஒரு வரி, பப்பெட்டியரில் எமுலேட்டைம்ஸோன். இரண்டும் சென்ஸார்ஸ் தட்டு செய்வதையே செய்கின்றன.

நான் ஓட்டும் ஊர்கள்: நியூயார்க், கொல்கத்தா, முக்கால் மணி கணக்குக்குக் காத்மாண்டு, பதினான்கு மணி நேரம் முன்னால் ஓடும் கிரிட்டிமாட்டி, கோடை நேரத்துக்கு அரை மணி மட்டும் நகரும் லார்ட் ஹோவ் தீவு. நேரம் இருந்தால் சமோவாவின் ஆப்பியா. அங்கே 2011 டிசம்பர் 30 என்ற நாளே வரவில்லை, தேதிக் கோட்டைத் தாண்டி 29இலிருந்து நேராக 31க்குப் போனார்கள். இந்தப் பட்டியலில் தப்பித்த கோட் மற்ற ஊர்களில் விழுந்து நான் பார்த்தது குறைவு.

ஆகஸ்ட் 20

முதல் கேள்வி கேட்டவர் திரும்பி வந்து தன் உண்மையான தேவையைச் சொல்லியிருக்கிறார். நியூஜெர்சியில் இருக்கும் டீமோடு மீட்டிங் போட அவர்கள் நேரம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதற்கு இத்தனையும் வேண்டாம். கூகுள் காலண்டர் செட்டிங்ஸில் இரண்டாவது டைம்ஸோன் சேர்க்கும் வசதி இருக்கிறது. இடது ஓரத்தில் இரண்டு ஊர் மணியும் பக்கத்துப் பக்கத்தில் வரும். கணக்கில் லாகின் செய்யும் தளங்கள் பல, பிரவுசரைக் கேட்பதில்லை. கணக்கில் நீங்கள் வைத்த டைம்ஸோனையே பார்க்கும். பிரவுசரில் மாற்றியும் நேரம் மாறாவிட்டால் முதலில் கணக்கின் அமைப்பைத் திறந்து பாருங்கள்.

நவம்பர் 2

கோடை நேரம் முடிந்தது. இன்று நியூயார்க்கில் அதிகாலை 1:30 இரண்டு முறை வந்தது. டேட்டிடம் 1:30 என்று கொடுத்தால் முதலாவதைத்தான் எடுத்துக்கொள்ளும். ஊர் நேரமாக மட்டும் கொடுத்தால் இரண்டாவதைச் சொல்ல வழியில்லை.

"எல்லாவற்றையும் யூடிசியில் சேமித்தால் தொல்லையே இல்லை" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். நடந்து முடிந்தவற்றுக்கு ஒப்புக்கொள்கிறேன். வரப்போகும் அப்பாயின்ட்மென்ட்டுக்கு அது போதாது. மெக்ஸிகோ 2022 அக்டோபரில் கோடை நேரத்தையே ஒழித்தது. அதற்கு முன்பே, 2023 ஜூனில் காலை பத்து மணி என்று மெக்ஸிகோ சிட்டியில் யாராவது நேரம் வாங்கியிருந்து, அதை 15:00 யூடிசி என்று மட்டும் சேமித்திருந்தால், விதி மாறிய பிறகு அது ஒன்பது மணியாகிவிடும். அவரோ பத்து மணிக்குத்தான் வருவார். ஊர் நேரத்தையும் ஊரின் மண்டலப் பெயரையும் சேர்த்துச் சேமியுங்கள். யூடிசியை அதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம்.

நவம்பர் 4

டொரன்டோ நண்பருக்கு: சென்ஸார்ஸில் சேர்த்த ஊர்ப் பட்டியல் அப்படியே இருக்கும், அழியாது. டெவலப்பர் டூல்ஸை மூடினால் மாற்றம் மட்டும் போய்விடும். மறுபடி திறக்கும்போது லொக்கேஷன் பெட்டியில் ஊரை ஒருமுறை தேர்ந்தெடுத்து ரீலோட் செய்துகொள்ளுங்கள். கனடாவின் கிழக்குப் பகுதிக்கு அமெரிக்கா/டொரன்டோ என்பதே சரியான பெயர். கனடா/ஈஸ்டர்ன் என்பதும் ஓடும், ஆனால் அது பழைய பெயர்.